பின்சந்து

"அந்த ஓட்டையை அடைச்சிடுங்க, மேஸ்திரி" என்றாள் பாக்கியவதி.

பர்னபாஸ் மேஸ்திரி கரண்டியில் கலவையை அள்ளிக்கொண்டு தயங்கினார்.

"அடைக்கக் கூடாது" என்றார் சுகாதார இன்ஸ்பெக்டர். கொல்லையெல்லாம் சேறாகக் கிடந்ததால், ஷூ அழுக்காகாமல் ஒரு பலகையின் மேல் ஏறி நின்றிருந்தார். "பிளான்ல எப்படி இருக்கோ அப்படித்தான் கட்டணும்."

பாக்கியவதியின் புருஷன் நேசமணி அந்நேரம் பாலகாட் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில், ஷிப்டில் இருந்தான். கம்பெனி கொடுத்த லைன் வீட்டை விட்டு வெளியே வந்து பேட்டையில் சொந்தமாக வாங்கிய வீடு இது. பின்பக்கம் ஒரு சமையலறையும் கக்கூஸும் சேர்த்துக் கட்டும் வேலை முழுக்க அவள் தலையில்தான் இருந்தது. மணல் வண்டிக்காரனோடு சண்டை போட்டதும் அவள்தான், வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் எடுப்புக் கக்கூஸ். பின்சுவரின் அடியில் ஒரு ஓட்டை, அதற்கொரு தகரக் கதவு, கதவுக்கு வெளியே சந்து. சந்து வழியாக ஆள் வந்து, கையை உள்ளே விட்டு, வாளியில் வாரிக்கொண்டு போகவேண்டும்.

நேற்றுதான் அந்தப் பழைய கக்கூஸை இடித்தார்கள். அதற்கு முன்பே பாக்கியவதி கொல்லையில் தொட்டி தோண்டிக் கல்லால் மூடியிருந்தாள்; இடித்த கையோடு அதே இடத்தில் பீங்கான் வைத்து, குழாயும் இறக்கிவிட்டாள். தண்ணீர் ஊற்றினால் போய்விடும். யாரும் வந்து வார வேண்டியதில்லை.

"தண்ணி ஊத்துற கக்கூஸுக்கு இந்தப் பக்கம் பர்மிஷன் கெடையாது. குழாயில தண்ணி எப்ப வரும்னு உனக்கே தெரியாது. தொட்டி ரொம்பி வழிஞ்சா யாரும்மா பொறுப்பு?"

"நான்."

"தண்ணிக்கு எங்க போவ?"

"பக்கத்து வூட்டுக் கெணத்துல எறைச்சிப்பேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் முறத்தோடு நின்றிருந்த இசபெல்லா, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நல்ல மனுஷி. குடிவந்த நாளிலிருந்து கிணற்றுக்கு வரவேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"நோட்டீஸ் குடுப்பேன். அப்புறம் இடிக்க ஆள் வரும்."

"வரட்டும் சார். இடிச்சா மறுபடியும் கட்டுவேன். எத்தினி தபா இடிச்சாலும் இந்த ஓட்டைய மட்டும் வெக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரவில்லை. வியப்புதான் வந்தது. "இன்னாம்மா வீம்பு இது? தெருவே வெச்சிருக்கு. நாகம்மா தினம் வர்றா, வாரிக்கிட்டுப் போறா. அதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

பாக்கியவதி குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். வெறும் கையால் கலவையை அள்ளி ஓட்டையின் அடியில் அப்பி, கல்லை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

பர்னபாஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து அடுத்த கல்லை வைத்தார்.

ஒரே ஒரு கல்லுக்கு இடம் பாக்கியிருந்தபோது சந்தில் வாளி உரசும் சத்தம் கேட்டது. அது நெருங்கி வந்து சுவருக்கு அப்பால் நின்றது. இடைவெளியில் ஒரு துடைப்பக் கட்டையும், நனைந்த சேலையின் ஓரமும் தெரிந்தன.

"இன்னாங்கம்மா, வழிய அடச்சிட்டீங்க? நான் எப்பிடிங்க எடுக்கறது?"

நாகம்மாவின் குரல். எப்போதும்போல மரியாதையான குரல்.

பாக்கியவதியின் பேச்சு சத்தமாகவே வந்தது.

"இனிமே எடுக்க வாணாம். முன்வாசலுக்கு வா. பெத்த பொண்ணு வூட்டுக்கு நீ பின்சந்துல வந்ததெல்லாம் போதும்மா."

பலகையின் மேல் நின்றிருந்த இன்ஸ்பெக்டரின் ஒரு கால் சேற்றில் இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பாக்கியவதியும் புருஷனும் இங்கே குடிவந்த பிறகுதான் நாகம்மாவை இந்தச் சந்துக்கு மாற்றினார்கள். யாரிடமும் சொல்லாதே என்று அன்றைக்கே மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெரிந்தால் கிணற்றில் வாளி விட விடமாட்டார்கள், தெருவில் தலை நிமிர்ந்து நடக்க விடமாட்டார்கள் என்றாள். அம்மா வீடு எது என்று இசபெல்லா கேட்டபோதெல்லாம் பாக்கியவதி வேலூர்ப் பக்கம் என்று சொல்லி மழுப்பினாள். ஒவ்வொரு காலையும் அந்தத் தகரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள்.

இப்போது அவள் நிமிர்ந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் நேராகப் பார்த்தாள். இசபெல்லாவின் முகம் மெல்ல மறைந்தது. சற்று நேரத்தில் அங்கே ஒரு கதவு சாத்தப்பட்டது.

சுவருக்கு வெளியே வாளியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு தாழ்ந்த குரலில், மரியாதை எல்லாம் உதிர்ந்துபோய்:

"ஏண்டி பாப்பா, மெதுவாப் பேசக் கூடாதா? தெருவுக்கே கேக்குதேடி."

"கேக்கட்டும்மா."

அவள் கடைசிக் கல்லை வைத்து அழுத்தினாள். கையிலிருந்த கலவையைக்கூடக் கழுவாமல், முன்கதவைத் திறக்கப் போனாள்.