பதினான்காவது பிரிவு

கோர்ட் வட்டாரத்தில் அவனுக்கு 'ஐஸ்' என்று பெயர். குளிரக் குளிரப் பேசியே கையெழுத்து வாங்கிவிடுவான். வழக்கு நடத்த வசதியில்லாதவர்களுக்கு அடுத்தவர் பணத்தை ஏற்பாடு செய்து கொடுத்து, ஜெயித்தால் பங்கு வாங்குவது தொழில். கோர்ட்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். நிறையக் கேள்வி கேட்பவர்களை அதில்தான் உட்கார வைப்பான்.

புதன்கிழமை வந்த அம்மாள், ஒரு தாளை நாலாக மடித்து அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

புருஷன் பஸ் டிரைவர். பிரேக் சரியில்லை என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தும் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். பஸ் பள்ளத்தில் இறங்கி, அவனுக்கு ஒரு கால் போய்விட்டது. கம்பெனி மீது வழக்கு. தனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை மனைவிக்கு எழுதிக் கொடுத்திருந்தான். வக்கீலுக்கும், பிரேக்கைப் பற்றிச் சாட்சி சொல்லும் நிபுணருக்கும் கொடுக்கத்தான் வழியில்லை.

"கவலையை விடுங்கக்கா. செலவு எங்களோடது. ஜெயிச்சா பங்கு, தோத்தா ஒண்ணும் வேணாம்."

"பணம் போடுறது யாரு தம்பி?"

"பேரு வெளியில வர்றது பிடிக்காத நல்ல மனுஷன்க்கா."

அவள் கைப்பையிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்தாள். ஒப்பந்தத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்தாள். ஸ்கேல் வரி வரியாக இறங்க, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி உதட்டை அசைத்துப் படித்தாள். இருபத்திரண்டு பக்கம்! ஐஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பதினான்காவது பிரிவில் ஸ்கேல் சற்று நின்றபோது மட்டும், "டீ சொல்லட்டுமாக்கா?" என்று குறுக்கே பேசினான். 'நிதி தருபவர் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்ற பிரிவு அது. நல்லவேளை, ஸ்கேல் இறங்கிவிட்டது.

"வீட்டு நம்பர் பதினாறுன்னு இருக்கு. எங்களது அறுபத்தொண்ணு. மாத்தி வைங்க, வெள்ளிக்கிழமை வர்றேன்."

"பேனாவால அடிச்சு எழுதிடலாமேக்கா."

"அடிச்சு எழுதினா அசிங்கமா இருக்கும் தம்பி."

ஐஸுக்கு அவசரம். இந்தத் தொழிலுக்குக் கடிவாளம் போடும் சட்டம் சட்டசபையில் நிறைவேறிவிட்டது. எந்தத் தேதியிலிருந்து அமல் என்று அறிவிப்பதுதான் பாக்கி. அதற்கு முன் போட்ட ஒப்பந்தங்களைச் சட்டம் தொடாது. இன்னும் இரண்டு மாதமாகும் என்று மந்திரி ஆபீஸ் டீக்கடை வரை விசாரித்து வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமையும் ஸ்கேல் வந்தது.

"ஒன்பதாம் பக்கம் ரெண்டு தடவை இருக்கு, பத்தாம் பக்கத்தைக் காணோம்," என்றாள். "திங்கட்கிழமை பார்க்கலாம். எங்க ஆபீஸ்ல ஒரு அவசர வேலை, அன்னிக்குக் காலையில வெளியில போயாகணும். அது முடிஞ்சதும் வர்றேன்."

எந்த ஆபீஸ் என்று ஐஸ் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் புருஷன் தொழிலுக்குத்தான் கட்டம் இருந்தது. முழுப் பூசணிக்காய் பதினான்காவது பிரிவில் கிடக்க, இவள் சோற்றில் கல் பொறுக்குகிறாளே என்று அவனுக்கு ஒரே வேடிக்கை.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தாள். மறுபடியும் இருபத்திரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் தேதியையும் தெளிவாக எழுதி, ஐஸ் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நடுவுல கைவிட்டுட மாட்டீங்களே தம்பி?"

"உயிரே போனாலும் விட மாட்டோம்க்கா."

அவள் படி இறங்கியதும் ஐஸ் போனை எடுத்தான். எதிர்முனையில் பஸ் கம்பெனி முதலாளி.

"போட்டாச்சுண்ணே. ஒப்பந்தப்படி இனிமே வேற யார்கிட்டயும் பணம் வாங்க முடியாது. நிபுணர் சாட்சி சொல்றதுக்கு முந்தின நாள் கையை விரிச்சிடுவோம். கேஸ் அதோட படுத்துடும்."

"என் மேல போட்ட கேஸுக்கு நானே பணம் போடுறேன்னு எவன்டா கண்டுபிடிப்பான்?" முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஐஸும் சிரித்தான். அந்த அம்மாளை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம்.

அரைமணி நேரத்தில் போன் அலறியது.

"படுபாவி! இன்னிக்குக் காலையில கெஜட் வந்திருக்குடா. இன்னிக்குத் தேதியிலேர்ந்தே சட்டம் அமல்! கையெழுத்து வாங்கினா தீர்ப்பு வரைக்கும் செலவு பண்ணியே ஆகணுமாம். நடுவுல விட்டா ஜெயிலாம். பணம் யாரோடதுன்னு கோர்ட்ல பேரை எழுதிக் கொடுக்கணுமாம்! வெள்ளிக்கிழமையே வாங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"யாருக்குமே தெரியாதுடா! மந்திரிக்கும் அதை அச்சடிச்சவங்களுக்கும்தான் தெரியும்!"

ஐஸுக்கு வேர்த்துக் கொட்டியது. மேஜை மேல் அந்த அம்மாள் மறந்து வைத்துவிட்டுப் போன மர ஸ்கேல் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை எடுத்துத் திருப்பினான்.

பின்பக்கம் சிவப்பு எழுத்தில் இருந்தது: 'அரசு அச்சகம், பிழை திருத்தும் பிரிவு. வெளியே கொண்டு செல்லக் கூடாது.'