மீன்வால் சைலன்சர்

பெண் பார்க்க வந்த முத்துராமன், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பட்டுக்கரை வேட்டியோடு ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

தப்பு அவனுடையது அல்ல. அவனைப் பெற்ற அப்பச்சியின் வாயினுடையது.

வந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் தேனப்பச் செட்டியார் இரண்டு சங்கதிகளை அவிழ்த்துவிட்டிருந்தார். ஒன்று, தங்கள் கார் மெட்ராசில் தம்பி வீட்டில் நிற்பதால் திருமயம் பஸ்ஸில் வரும்படி ஆகிவிட்டது. இன்னொன்று, திருச்சியில் பி.எஸ்ஸி. படிக்கிற தன் மகன் மோட்டாரில் எந்த உறுப்பைக் காட்டினாலும் கம்பெனி பேரைச் சொல்லிவிடுவான்.

இரண்டாவது பொய் என்பது முத்துராமனுக்குத் தெரியும். முதலாவதை அவனே நம்பியிருந்தான். கார் வந்ததும் ஆளுக்கொரு ரவுண்டு என்று பாதி ஹாஸ்டலுக்கு வாக்குக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது.

பெண்ணின் தகப்பனார் முருகப்பச் செட்டியாருக்கு ஏலத்தில் சாமான் எடுப்பது ஒரு வியாதி. அவர் வீட்டு முகப்பில் ஏதோ ஒரு ஜமீனின் குதிரைச் சேணம் தொங்கியது. குதிரை இல்லை.

“அப்ப நம்ம மோரிஸ் வண்டியக் கொஞ்சம் பாருங்க தம்பி. கூட வந்த சைலன்சர் ஓட்டையாப் போச்சு. திருச்சி ஏலத்துல வேற ஒண்ணு எடுத்து மாட்டுனேன். அதுலேருந்து பூனை மாதிரி போகுது. என்ன கம்பெனின்னுதான் ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான்.”

பேரைச் சொன்னால்தான் மகள் மீனாளைக் கொடுப்பேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததைத்தான் முகப்பில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

“அதெல்லாம் சொல்லிப்புடுவான்” என்றார் அப்பச்சி. காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாயார் ஆவுடையாள் ஆச்சி அதை வாங்க இரண்டு தடவை கை நீட்டியும் கொடுக்கவில்லை. காப்பி அவ்வளவு ருசி போலும்.

காருக்கு அடியில் சைலன்சர், எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாக, நாலு நாள் குளிக்காத தவில் மாதிரி தொங்கியது. மோரிஸோடு வந்தது அல்ல என்பது முத்துராமனுக்கே தெரிந்தது. நுனிக்குழாய் மீன்வால் போல விரிந்திருந்தது.

அந்த மீன்வாலை எங்கேயோ பார்த்திருக்கிறான்.

கம்பெனி முத்திரை இருக்குமென்று நகத்தால் சுரண்டினான். புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. தமிழ் எழுத்து.

மு.தே.

பக்கத்தில் ஒரு குட்டி வேல். அதன் முனை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்தப் பக்கத்து வீடுகளில் பேர் வெட்டாத பாத்திரம் அடுப்பேறாது. தேனப்பச் செட்டியார் பாத்திரத்தோடு நிற்கிற ஆள் இல்லை. ஏணி, எச்சில் படிக்கம், குடைக்காம்பு எல்லாவற்றிலும் வெட்டினார். வீட்டுப் பூனை தப்பித்தது, கையில் அகப்படாததால். தன் காருக்குப் புதுச் சைலன்சர் வாங்கிய அன்றைக்குப் பேர் வெட்டுகிறவரை வரவழைத்து அதிலும் வெட்டச் சொன்னார். வேலின் முனையைச் சாய்ப்பது அந்த மனிதரின் கைவாகு.

“அடியில போயி யாரு அப்பச்சி படிக்கப் போறா?” என்று அன்றைக்கு முத்துராமன் சிரித்தான்.

இப்போது அவன்தான் படித்துக்கொண்டிருந்தான்.

மெட்ராசில் நிற்கிற கார், கழற்றப்பட்டு, ஒரு துண்டு இங்கிட்டு வந்து சேர்ந்திருக்கிறது. மற்றத் துண்டுகள் எந்தெந்த ஊரில் பூனை மாதிரி போகின்றனவோ.

காது சுட்டது. காருக்கு அடியில் இருப்பது திடீரென்று வசதியாகப் பட்டது. முடிந்தால் கல்யாணம் வரை அங்கேயே இருந்துவிடலாம்.

அங்கிருந்து பார்த்தால் முகப்பில் எல்லோருக்கும் கால் மட்டும்தான் இருந்தது. மற்றக் கால்கள் ஆடின, சொறிந்தன. அப்பச்சியின் கால்கள் மட்டும் அசையவில்லை. கட்டைவிரல்கள் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

“என்ன தம்பி, பேரு தெரியுதா?”

முத்துராமன் ஒரு கை நிறையப் பிசுக்கை வழித்து எழுத்தின் மேல் அப்பினான். வேலுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

“இங்கிலீஷ் கம்பெனி, அம்மான். பேரு தேஞ்சு போச்சு.”

“இங்கிலீஷ்னுதான் நானும் நெனச்சேன்” என்றார் முருகப்பச் செட்டியார், பரம திருப்தியாக.

முத்துராமன் வெளியே வந்தபோது வேட்டியில் பட்டுக்கரை எது, கரி எது என்று பிரிக்க முடியவில்லை. யாரோ சிரித்தார்கள். அப்பச்சி சிரிக்கவில்லை. மகன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

ஆவுடையாள் ஆச்சி மூன்றாவது தடவையாகக் கை நீட்டினார். “டம்ளரைக் குடுங்கண்ணே, இன்னொரு காப்பி கொண்டாரேன்.”

“இருக்கட்டும், இருக்கட்டும்.”

வெள்ளி டம்ளர். விளிம்புக்குக் கீழே ஒரே இடத்தை அப்பச்சியின் கட்டைவிரல் நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது என்பது முத்துராமனுக்கு இப்போதுதான் உறைத்தது.

விரலின் ஓரத்தில், மூடாமல் மிஞ்சிய இடத்தில், ஒரு குட்டி முனை எட்டிப் பார்த்தது. இடப்பக்கம் சாய்ந்த முனை.

முத்துராமன் கையைத் துடைக்காமலே போய் டம்ளரை வாங்கினான். அப்பச்சி கட்டைவிரலை எடுத்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து ஒரு திருகு திருகினான். கரி நன்றாகப் பிடித்துக்கொண்டது.

“அயித்தை, டம்ளரைக் கரியாக்கிப்புட்டேன்.”

ஆச்சி வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்க்கவில்லை.

“அதுக்கென்ன தம்பி. திருநீறு போட்டுத் தேச்சா எழுத்தெல்லாம் பழையபடி பளிச்சுன்னு வந்துரும்.”