கரண்டு வைத்த உடம்பு

அவள் மறுபடியும் மூக்கைக் கழுவினாள்.

சம்பந்தி வீட்டுக் குளியலறையில் தலையைச் சாய்த்து நின்று, உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே செலுத்தினாள். எரிந்தது. காய்ந்த பொருக்கு ஒன்று இரத்தத்தோடு வந்து விழுந்தது.

போய்விட்டதா? இன்னும் இருக்கிறதா?

அதுதான் தெரியாது.

மூக்குக்குள் வந்த புற்றை வெட்டி எடுத்து, கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஊரில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பெயர். அன்றிலிருந்து சிந்தாமணிக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. தன் மூக்கிலிருந்து வரும் நாற்றமும் தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. இப்படி ஒரு தண்டனையை யார்தான் உட்கார்ந்து யோசித்தார்களோ.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்துபோய் ஊர் வரை நின்றுகொண்டே வந்தபோதுதான் சந்தேகம் வந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

கழுவிக்கொண்டே இருங்கள், போகப் போகக் குறையும் என்றார் டாக்டர்.

மகள் வயிறு அதுவரை காத்திருக்குமா?

கூடத்தில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இன்று மகள் தாரணிக்குக் கட்டுச்சோற்று விருந்து. தாய்வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டி வந்து, வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போகும் நாள். கார் வாசலில் நிற்கிறது. பெட்டியும் ஏற்றியாயிற்று.

லேசில் கிடைத்த சம்மதமா அது! கரண்டு வைத்த உடம்புக்குப் பக்கத்தில் இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சம்பந்தியம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். கதிர் மெஷினோடு நின்றுவிடும், உடம்பில் தங்காது என்று டாக்டர் சொன்னதும் எடுபடவில்லை. தாரணிதான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். மாமியாரை உட்காரவைத்து, விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் அறையில் மிச்சம் இருக்குமா அத்தை என்று கேட்டாள். ஒருவழியாக மாமியார் வாயடைத்துப்போனாள்.

இந்த ஒரு பிரசவத்தைப் பார்க்கத்தான் சிந்தாமணி அத்தனை வேதனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

முதல் சந்தனம் அம்மா வைக்க வேண்டும். குனிந்தாள். மகள் முகத்துக்கு இவ்வளவு அருகில் வந்து எத்தனை மாதமாயிற்று. இடது கன்னத்தில் பூசினாள்.

தாரணி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் மார்பு அசையவில்லை.

சிந்தாமணி நிமிர்ந்தாள். மகள் தன் முகத்தைத் திருப்பிக் காற்றை இழுத்தாள். சிந்தாமணி மறுபடி குனிந்து வலது கன்னத்தில் பூசினாள். மகளின் மூச்சு மறுபடி நின்றது. குமட்டலை விழுங்கினாள்.

இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பெண் வருவாள். அதுதான் கொடுமை. வந்து, ஒரு வாய் சோறு இறங்காமல் ஓங்கரித்துவிட்டு, ஒன்றுமில்லை அம்மா என்று சொல்லிச் சொல்லியே இளைப்பாள். வயிற்றில் இருப்பதும் இளைக்கும்.

வளையல்களைப் போட்டு முடித்தாள். இரண்டடி தள்ளி நின்று சம்பந்தியம்மாளைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுதானுங்க சம்மந்தி சரி. கரண்டு வெச்ச ஒடம்புங்க இது. நேத்து டாக்டரும் அதையேதான் சொல்லிப்போட்டாருங்க. புள்ள இங்கயே இருக்கட்டும்."

சிரிப்புச் சத்தம் நின்றது.

சம்பந்தியம்மாள், நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற சிந்தாமணியின் வீட்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். நேற்று அவர்கள் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

சிந்தாமணி மகளையே பார்த்தாள்.

அது பொய் என்று அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள்.

என்னம்மா பேசறே, நான் வர்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு கண்ணு. ஒப்புக்காவது சொல். வேண்டாம் என்று நானே மறுத்துவிடுகிறேன். நீ சொல்லிக் கேட்டுவிட்டால் போதும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாமியிடம் உயிரைக் கேட்டபோதுகூட அவள் மனசுக்குள் இப்படிக் கெஞ்சியதில்லை.

தாரணி புது வளையல்களை மணிக்கட்டில் நகர்த்தினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

வாசலில் நின்ற காரை ஒருமுறை பார்த்தாள்.

தோள்கள் தளர, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.