கழற்றிய சென்சார்

டாக்சி ஓட்டும் ஸ்டெல்லாவின் காரில் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் பழுதாகி, எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. புதியது வாங்க வசதியில்லை. மெக்கானிக் சவரிமுத்து அவளைப் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அதே மாடல் கார் ஒன்று முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. பின்கண்ணாடியில் ‘ஜெனிலா’ என்று அவள் மகளின் பெயர் ஒட்டியிருந்தது. போன வருடம் அவள் கணவன் இறந்தது இந்தக் காரில்தான். சவரிமுத்துவுக்கு அது தெரியாது. வண்டிக்கு அடியில் படுத்தபடி, “சென்சார் நல்லாத்தான் இருக்குக்கா. கழட்டவா?” என்று கேட்டார். அவள் நசுங்கிய கதவைப் பிடித்துக்கொண்டாள். “கழட்டுங்க,” என்றாள்.

ஒர்க்‌ஷாப்பில் அதை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. “சரியாயிடுச்சு. ஆஃப் பண்ணிடுங்கக்கா,” என்றார். ஸ்டெல்லா சாவியில் கை வைத்தாள்; திருப்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.