மேலே மூன்று, உள்ளே நானூறு

கம்ஜா டை கட்டி வந்திருந்தான். கொரியாவின் கம்ப்யூட்டர் பேட்டையான பாங்யோவில் புரோகிராம் எழுதுகிறவன் டை கட்டினால், வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறான் என்று அர்த்தம். பக்கத்து நாற்காலி போரிக்குக் காலையிலிருந்து இருப்பே கொள்ளவில்லை.

கம்ஜா என்றால் உருளைக்கிழங்கு, போரி என்றால் பார்லி. பெரியவர் சின்னவர் பேதம் கூடாதென்று கம்பெனி வைக்கச் சொன்ன பட்டப்பெயர்கள். வீட்டில் வைத்த பேர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

போதாக்குறைக்கு அவர்களுடைய சாப்பாட்டு ஆப் வேறு சொன்ன பேச்சு கேட்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்குள் மட்டும் எடுக்க வேண்டிய ஆர்டரை நாட்டின் மறுகோடியான பூசானிலிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் போனில் கிழி கிழியென்று கிழித்தார்கள்.

அம்மாவின் போன் வந்ததும் போரி படிக்கட்டுக்கு ஓடினாள்.

"ஆறு மணிக்கு ஓட்டல்ல காத்திருப்பான்டி. பையன் பேர் பியோ சாங்ரோக். போட்டோவெல்லாம் வேண்டாம், நேர்லயே பார்த்துக்கிறேன்னானாம். தங்கமான பையன்!"

"தங்கத்தை நீயே வெச்சுக்கோம்மா! எனக்கு ஆபீஸ்ல கம்ஜாவைத்தான் பிடிச்சிருக்கு. தரகரம்மாகிட்ட அப்படியே சொல்லிடு!"

"உருளைக்கிழங்கையா?"

போனை வைத்துவிட்டாள். அவனிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் கத்தி என்ன பிரயோஜனம்? அவன்தான் போகப் போகிறானே.

திரும்பி வந்தபோது கம்ஜா துள்ளிக்கொண்டிருந்தான்.

"பிடிச்சுட்டேன்! புரோகிராம்ல மேலே 'எல்லை'ன்னு போட்டது மூணு கிலோமீட்டர்தான். உள்ளே எவனோ ஒரு மகராசன் அதே பேர்ல இன்னொண்ணு வெச்சு, நானூறு போட்டிருக்கான்."

"உள்ளே அதே பேர் இருந்தா, வெளியே இருக்கிறது மறைஞ்சுடுமே! காலையிலேர்ந்து மேலே இருக்கிறதையே மாத்திட்டிருந்தோமே, லூசு மாதிரி."

உள்ளே இருந்ததை அழித்தான். பூசான் ஆர்டர்கள் நின்றன.

"சரி, நீ கிளம்பு. எந்தக் கம்பெனி?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கம்பெனியா? பொண்ணு பார்க்கப் போறேன். எங்கம்மாவோட தொல்லை."

அதற்குள் அவன் செல்லில் செய்தி வந்தது. படித்துவிட்டு டையைத் தளர்த்தினான்.

"வேண்டாம்னுட்டாங்க."

"ஏனாம்?"

அவன் இன்னொரு தடவை படித்தான். காது சிவந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ஆபீஸ்ல கம்ஜான்னு ஒருத்தனைத்தான் பிடிச்சிருக்காம்."