தாமதத்துக்குக் காரணம்

"காலையிலேருந்து வயித்தால போன பிள்ளையைச் சாயங்காலம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினியாமே. அதுவரைக்கும் என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

சுகாதார அதிகாரி கேட்டதும் அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டு மாதக் குழந்தை. போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஒரு குழந்தை இறந்தால் அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரித்துப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அங்கே வந்தாலே அவருக்கு ரத்தம் கொதிக்கும். இருபது வருஷமாகத் தொண்டை வற்றக் கத்துகிறார், யார் காதில் ஏறுகிறது?

கெட்ட மனுஷர் இல்லை. ஒரு குழந்தை போய்விட்டது என்றால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த ஆற்றாமைதான் கோபமாக வரும்.

உப்பு சர்க்கரைப் பொட்டலம் கரைத்துக் கொடுத்தாயா, நர்ஸிடம் போனாயா என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினார். அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. கூட வந்த நர்ஸம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூச்சுக்கு முந்நூறு வார்த்தை பேசுகிறவள், இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"பெத்தவளுக்கே அக்கறை இல்லைன்னா நாங்க என்ன செய்ய முடியும்?"

கட்டத்தில் 'தாயின் கவனக்குறைவு' என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். குழந்தையின் துணிகளுக்கு நடுவிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள்.

"மருந்துக்குத்தான் சார் அலைஞ்சேன்."

முந்தின நாளே நர்ஸம்மாவிடம் சொல்லியிருந்தாளாம், பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை என்று. காலையில் மருந்து தருகிறேன் என்றிருக்கிறாள் நர்ஸம்மா. விடிந்ததும் வயிற்றுப்போக்கு. தூக்கிக்கொண்டு ஓடினால் சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. பொட்டலமெல்லாம் உள்ளே அலமாரியில்.

நர்ஸம்மா வெளியே போகிற நாட்களில் மருந்துச் சீட்டு எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போவாள். அன்றைக்கும் ஒரு சீட்டு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள், தனக்குத்தான் என்று கிழித்துக்கொண்டு வெயிலில் கடைத்தெரு வரை நடந்திருக்கிறாள். மருந்துக்கடையில் கூட்டம். இது மருந்துச் சீட்டு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துவிட்டார்கள். திரும்பி வந்து, நர்ஸம்மா இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று அந்தப் பூட்டுக்கு முன்னால் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். பிள்ளை பஸ்ஸிலேயே போய்விட்டது.

"உத்தரவு ராத்திரிதான் சார் வந்துச்சு. இவளுக்குச் சொல்லியனுப்ப முடியல. அதையே கதவுல ஒட்டிட்டு வந்தேன்." நர்ஸம்மா வாசற்படியிலிருந்தே சொன்னாள்.

அந்தத் தாய்க்கு எதுவும் விளங்கவில்லை. காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"அப்ப இதுல என்னதான் சார் எழுதியிருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

அவர் பிரித்தார்.

'அவசரம். குழந்தை இறப்பைத் தடுப்பது குறித்த பயிற்சிக் கூட்டத்துக்கு நாளை எல்லா நர்ஸ்களும் கட்டாயம் வர வேண்டும். நிலையங்களை மூடிவிட்டு வரவும்.'

சற்றுமுன் படிவத்தில் போட்ட அதே கையெழுத்து, அந்தக் காகிதத்தின் அடியிலும் இருந்தது.