வினோஜாவுக்குக் கிடைத்த கட்டம்

படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஆளுக்கொன்று என்று பிரித்துக் கொடுத்தாயிற்று. நிலாந்தி கரையோரக் கட்டத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இந்த வட்ஸ்அப் குழுவில் வழக்கமாக இப்படிப் பிரிக்கப்படுவது செவ்வாய்க் கிரகத்தின் படங்கள். அங்கே பெரும்பள்ளம் ஒன்றுக்குள் ஊர்ந்து திரியும் றோவர் வண்டி அனுப்பும் துண்டுப் படங்களை, நோர்வேயில் இருக்கும் சில்வெஸ்ரர் ஒட்டி, ஒரே அகலப் படமாக்கிப் போடுவார். அந்தப் பள்ளத்தில் எப்போதோ தண்ணீர் நின்றதாம். அதன் தடத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

தேடத் தொடங்கினால் வேறு என்னென்னவோ கிடைக்கும். ஒருவருக்கு நண்டு தெரியும். இன்னொருவருக்கு எலும்பு. லண்டனில் இருக்கும் வினோஜா ஒருமுறை முக்காடு போட்ட பெண்ணையே கண்டுபிடித்தாள்.

கடைசியில் நிலாந்திதான் தீர்ப்புச் சொல்லுவாள். கல்.

வேலணைப் பிரதேச செயலகத்தில் வேலை, சரவணையில் வீடு என்பதற்கு மேல் அவளைப் பற்றிக் குழுவில் யாருக்கும் தெரியாது. ஆனால் நிழல் விழும் பக்கத்தையும் மணல் ஒதுங்கிக் கிடக்கும் விதத்தையும் பார்த்து அவள் சொன்னது பிழைத்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லி வைப்பது ஒன்றுதான். ஆசை வைத்துப் பார்க்காதீர்கள், ஆசைப்பட்டதுதான் தெரியும்.

இன்றைய படம் செவ்வாயினுடையது அல்ல.

புயல் மழையன்று வயலில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிடப் போன துஷ்யந்தன் திரும்பி வரவில்லை. வெள்ளம் அவனைப் பரவைக்கடல் பக்கம் இழுத்துப் போனதைத் தூரத்தில் நின்ற இரண்டொருவர் கண்டிருக்கிறார்கள். கடற்படைப் படகு ஆழமுள்ள இடமெல்லாம் தேடியது. கண்டல் மரப் பற்றைகளுக்கு நடுவே முழங்காலளவு தண்ணீரும் அதன் கீழ் இடுப்பளவு சேறுமாகக் கிடக்கும் இடத்துக்குள் படகும் போகாது, ஆளும் இறங்க முடியாது. கலியாணவீடுகளில் படம் பிடிக்கிற ஜதுர்சன் தன் ட்றோனை அங்கே பறக்கவிட்டு, பற்றரி தீருமட்டும் எடுத்து வந்தான்.

அந்தப் படங்களை நிலாந்தி சில்வெஸ்ரருக்கு அனுப்பினாள். எங்கள் ஊர் ஆள் ஒருவர், தேடித் தாருங்கள் என்று மட்டும் எழுதி, அடையாளத்தைக் குழுவில் போட்டாள். சாம்பல் நிறத்தில் கட்டம் போட்ட சாரம், மண்ணிறச் சேட்டு, இடது கையில் இரும்புப் பட்டி மணிக்கூடு. இவ்வளவு விவரத்தையும் விசாரித்துத் திரட்டி வைத்திருக்கிறாரே என்று வினோஜா மெச்சினாள்.

சில்வெஸ்ரர் ஊர்காவற்றுறையில் பிறந்தவர். நித்திரை கொள்ளாமல் இருந்து ஒட்டினார். ஊரை விட்டு வந்த பிறகு இந்தக் கடலை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று படத்தின் கீழே எழுதியிருந்தார்.

பிறகு எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தது ஒரு பனங்குற்றி. அடுத்தது பிளாஸ்ரிக் கான்.

அதற்கடுத்தது மாடு. வயிறு ஊதிக் கால்கள் விறைத்துக் கிடந்தது. கழுத்தில் கயிறு இல்லை. அவிழ்த்திருக்கிறான்.

மாடுதான், மற்றக் கட்டங்களைப் பாருங்கள் என்று நிலாந்தி எழுதினாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. தன் கட்டத்தை அவள் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தபோது, வினோஜா தன் கட்டத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் போட்டாள். கண்டல் வேர்களுக்கு அடியில் ஏதோ ஒன்று.

கல்லாயிருக்கும் என்று ஒருவர் எழுதினார். கல்தான் என்று இன்னும் சிலர். கடலோரத்தில் முருகைக்கல் கிடப்பது புதினமா என்று ஒருவர் கேட்டார்.

வினோஜா குரலாக அனுப்பினாள். "அக்கா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ. கல்லோ?"

புயலுக்குப் பிறகு சிக்னல் ஒழுங்காக இல்லை. படம் மங்கலாக வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

நிலாந்தி பெருப்பித்தாள். ஒரு பக்கம் சேறு அணைந்து கிடந்தது. கல்லுக்கும் அப்படித்தான் அணையும். நிழலும் கல்லின் நிழல் போலத்தான் விழுந்திருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு மினுக்கம். தண்ணீரின் மினுக்கம் சிதறும். இது ஒரே புள்ளியில் நின்றது.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். திரும்ப எடுத்தாள்.

கல் என்று எழுதினாள். அனுப்பவில்லை. அழித்தாள்.

கல் இல்லை என்று அனுப்பினாள்.

ஜதுர்சனுக்கு இடத்தைக் குறித்து அனுப்பி, பலகையும் கயிறும் கொண்டு ஆட்களோடு போகச் சொன்னாள்.

சில்வெஸ்ரர் கேட்டார்.

"அந்தாளுக்குப் பெண்சாதி இருக்கிறாவோ? அவவுக்கு ஆர் சொல்லுறது?"

அவவுக்குத் தெரியும் என்று எழுதிவிட்டு நிலாந்தி எழுந்தாள்.

குசினியில் மாமியார், துஷ்யந்தனின் தாய் பரிமளம், உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். எந்த நேரம் வந்தாலும் மகன் பசியோடுதான் வருவான் என்று, வெள்ளம் வடிந்த நாளிலிருந்து மனுசி சமைத்துச் சமைத்து வைக்கிறாள்.

நிலாந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, அடுப்பை அணைச்சுவிடுங்கோ."